பெரம்பூர் வீட்டு இங்கிலீஷ் சர்நேமுக்கு வேர் தேடுவது எப்படி

பெரம்பூர், ராயபுரம், வியாசர்பாடி பக்கம் ரயில்வேயில் இருந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களில் ஸ்மித், ஜோன்ஸ் போக, வேறு எங்கும் காதில் விழாத சர்நேம்களும் உண்டு. உங்களுடையதும் அப்படி என்றால், அதை இன்றைய இங்கிலீஷில் இரண்டாகப் பிரித்து அர்த்தம் சொல்லிவிடாதீர்கள்.

ஹிக்கின்பாதம்ஸையே பாருங்கள், 1844 முதல் நடக்கிற நம்ம மவுண்ட் ரோடு புத்தகக்கடை. ஹிக்கின்பாதம், ஹிக்கின்பாட்டம் இரண்டும் ஒரே சர்நேம்தான். அந்தப் 'பாட்டம்' பழைய ஆங்கிலத்தில் பள்ளத்தாக்கின் அடித்தரை. இங்கிலாந்தின் லங்காஷயரில் போல்டன் பக்கம் இருந்த ஓக்கன்பாட்டம், அதாவது ஓக் மரப் பள்ளத்தாக்கு, என்ற இடத்திலிருந்து வந்தது என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். ஜனங்கள் வாயில் புரண்டு முன்பாதியே மாறிப்போயிருக்கிறது.

அதனால் முதல் வேலை பழைய ஸ்பெல்லிங்கைப் பிடிப்பது. பாட்டியின் டிரங்குப் பெட்டியில் ஞானஸ்நான சர்டிபிகேட், கல்யாண சர்டிபிகேட், ரயில்வே சர்வீஸ் காகிதம் எது இருந்தாலும் எடுத்து, பெயர் எப்படியெல்லாம் எழுதப்பட்டிருக்கிறதோ எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அந்தக் காலத்தில் எழுதுகிறவர் காதில் விழுந்ததுதான் ஸ்பெல்லிங். அப்புறம் ஃபிபிஸ் (FIBIS, பிரிட்டிஷ் இந்தியாவில் வாழ்ந்த குடும்பங்களின் பதிவுகளைத் தொகுக்கும் சங்கம்) தளத்தில் இலவசமாகத் தேடலாம். மெட்ராஸ் சர்ச்சுகளின் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கப் பதிவுகளின் நகல்கள் லண்டன் பிரிட்டிஷ் லைப்ரரியில் என்/2 என்ற வரிசையில் இருக்கின்றன. ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னால் போங்கள், தாண்டிக் குதிக்காதீர்கள். தத்தெடுத்தவர் பெயரோ ஞானத்தகப்பன் பெயரோ கூட சர்நேமாக வந்திருக்கலாம், அதுவும் உங்கள் குடும்பக் கதைதான், மறைக்க ஒன்றுமில்லை.

இங்கிலாந்துப் பக்கத்துக்கு 1881 சென்சஸ் போதும். அபூர்வப் பெயர் இங்கேதான் கைகொடுக்கும்: ஸ்மித் நாடு முழுக்க இருப்பார், அபூர்வப் பெயர்க்காரர்கள் பெரும்பாலும் ஒன்றிரண்டு கவுண்டிகளில்தான் (நம்ம மாவட்டம் மாதிரி) குவிந்திருப்பார்கள். அந்தக் கவுண்டி வரைபடத்தில் பெயரைப் போலவே ஒலிக்கிற கிராமமோ பண்ணையோ இருக்கிறதா என்று தேடுங்கள். 'த்வெய்ட்' என்று முடிந்தால் வடக்கே கம்பிரியா, யார்க்ஷயர் பக்கம் பாருங்கள், காடு வெட்டித் திருத்திய நிலத்துக்கு வைக்கிங்குகள் வைத்த சொல் அது. ஊர் கிடைக்காவிட்டால் தொழில், அப்பா பெயர், பட்டப்பெயர் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

குடும்பச் சின்னம் என்று கேடயம் போட்டு விற்பவர்களுக்குக் காசு கொடுக்காதீர்கள். இங்கிலாந்தில் அந்தச் சின்னம் தனி ஆளுக்கும் அவர் வாரிசுகளுக்கும்தான், சர்நேமுக்குக் கிடையாது.