இற்றுப்போன சேலைப் போர்வையிலிருந்து பிரிமணையும் சுருக்குப் பையும்

திருநெல்வேலிப் பக்கத்தில் பல வீடுகளின் மச்சில், பழைய நூல் சேலைகளை மூன்று நான்கு அடுக்காகப் பரப்பி, நெருக்கமான ஓட்டுத்தையல் போட்டு ஆச்சிமார் கையாலேயே தைத்த போர்வை ஒன்று இன்றும் இருக்கும். பச்சைப்பிள்ளைக்கு விரிப்பதற்கென்றே தைத்து, பிறகு மார்கழிக் குளிருக்குப் போர்த்தி, கடைசியில் நடுப்பகுதி இற்றுப்போய்க் கிடக்கும் அப்போர்வையைத் தூர எறியவும் மனம் வராது, போர்த்திக்கொள்ளவும் இயலாது. அத்தகைய போர்வையை வெட்டி, பானை சட்டி உருளாமல் தாங்கும் வளையமான பிரிமணையாகவும், கயிறு இழுத்து மூடும் சுருக்குப் பையாகவும் மாற்றுவதற்கே இம்முறை. நான்கைந்து இடங்களில் ஒட்டுப்போட்டால் இன்னும் பத்து ஆண்டு உழைக்கும் என்ற நிலையில் இருப்பதை வெட்ட வேண்டாம் என்று முதலிலேயே வேண்டிக்கொள்கிறேன். ஒருமுறை வெட்டிய போர்வையை மீண்டும் ஒன்றாக்க முடியாது.

முதலில் போர்வையைப் பகல் வெளிச்சம் வரும் சன்னலுக்கு எதிரே இருவராகத் தூக்கிப் பிடியுங்கள். வெளிச்சம் ஊடுருவும் இடங்களைச் சாக்பீஸால் வட்டமிட்டுக்கொண்டு, மற்ற இடங்களை இரு கைப் பெருவிரல்களாலும் மெல்ல இழுத்துப் பாருங்கள். இழை பிரிகிற சத்தம் கேட்டால் அந்த இடமும் இற்றதுதான். பெரும்பாலும் நடுப்பகுதி போயிருக்கும். கால்மாட்டு ஓரமும் சேலைக்கரை வரும் இடங்களும் கெட்டியாக இருக்கும். இந்தப் பிரிவுதான் பின்னால் எதை எதற்கு வெட்டுவது என்பதைத் தீர்மானிக்கிறது. அடுக்குகளுள் நைலான், பாலியெஸ்டர் சேலை கலந்திருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் ஓர் இழையை உருவி, இடுக்கியில் பிடித்து நெருப்பில் காட்டினால், பருத்தி காகிதம் எரிவது போன்ற வாசனையுடன் எரிந்து மெல்லிய சாம்பலாக உதிரும். செயற்கை இழையோ சுருங்கி உருகி, நுனியில் கடுகு போன்ற கெட்டி உருண்டையாக நிற்கும்.

துவைப்பதில்தான் பலர் போர்வையை இழக்கிறார்கள். நானும் ஒரு முறை அவசரத்தில் சலவை இயந்திரத்தில் போட்டு, எடுக்கும்போது தையல் எல்லாம் அறுந்து, உள்ளடுக்குச் சேலை திரித்திரியாக வெளியே தொங்குவதைப் பார்த்து நெடுநேரம் வருந்தியிருக்கிறேன். தண்ணீரின் கனம்தான் பழந்துணியின் எதிரி. ஆகவே ஈரமான வெள்ளைத் துணியால் ஒவ்வொரு நிறத்தையும் தேய்த்துப் பார்த்து, சாயம் ஒட்டவில்லை என்று உறுதியான பிறகு, அகலமான அண்டாவில் பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீரில் போர்வையை அரைமணி நேரம் அமுக்கி வையுங்கள். கசக்கவோ முறுக்கவோ கூடாது. உள்ளங்கையால் அமுக்கி அமுக்கி விடுவதே போதும். வெளியே எடுக்கும்போது அடியில் ஒரு வேட்டியை விரித்து, கனம் முழுவதையும் அந்த வேட்டி தாங்கும்படி தூக்கி, வேப்பமர நிழலில் போட்ட நார்க்கட்டிலில் பரப்பிவிட்டால், கீழிருந்தும் காற்றுப் பட்டு ஒரே சீராகக் காயும். நம்மூர் உச்சிவெயிலில் நேராகப் போட்டால் நிறம் வெளுத்துவிடும். ஐப்பசி அடைமழை தொடங்குமுன் இந்த வேலையை முடித்துக்கொள்வது நல்லது. உள்ளடுக்கில் ஈரம் தங்கினால் பூசணம் பிடிக்கும்.

காய்ந்த துணி தளர்ந்து கையில் நிற்காது. சோறு வடித்த கஞ்சியை இரு மடங்கு நீர் விட்டு வடிகட்டி, துணியின் இருபுறமும் தடவி, மீண்டும் காயவைத்து இஸ்திரி போட்டால், வெட்டுவதற்கு ஏற்ற விறைப்பு வந்துவிடும். அதன் பிறகும் உடனே கத்தரிக்கோலை எடுக்காதீர்கள். வெட்டப்போகும் கோட்டை வரைந்து, அதற்கு இருபுறமும் அரை செ.மீ. தள்ளி ஒரு வரிசை தையல் ஓட்டிவிட்டு, நடுவில் வெட்ட வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால், கத்தரி பட்ட இடத்திலிருந்து ஆச்சி போட்ட ஓட்டுத்தையல் ஒவ்வொன்றாக உருவிக்கொண்டே போகும். அந்தத் தையலின் நெளிவும், நூல் தீர்ந்துபோய் வேறு நிற நூலால் தொடர்ந்த இடமும்தான் இந்தத் துணியின் அழகு. அதைக் காப்பாற்றத்தான் இவ்வளவு பொறுமை.

மிகவும் இற்ற நடுப்பகுதிக்குப் பிரிமணையே தகுந்தது. ஏனெனில் அதில் இற்ற துணி உள்ளே மறைந்து கனத்தை மட்டும் தாங்குகிறது, இழுபடுவதில்லை. பழைய துணியை நீளநீளமாகக் கிழித்துக் கூட்டி, இரண்டு விரல் பருமனில் 50 செ.மீ. நீளத் திரியாகச் சுருட்டி, நூலால் கட்டுங்கள். இரு முனைகளையும் சேர்த்து வளையமாகத் தைத்தபின், கெட்டியான சேலையிலிருந்து எடுத்த 3 செ.மீ. அகலப் பட்டியை, முன்சுற்றில் பாதியை மறைக்கும்படி இறுக்கிச் சுற்றி, முடிவைக் கெட்டித்தையலால் நிறுத்த வேண்டும். முழுவதும் பருத்தியாக இருந்தால் அடுப்பிலிருந்து இறக்கிய குழம்புச் சட்டியையும் இதில் வைக்கலாம். செயற்கை இழை கலந்திருந்தால் தண்ணீர்க் குடத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கெட்டியான ஓரப்பகுதியில் சுருக்குப் பை தைப்பதே என் விருப்பம். போர்வைத்துணி தடிமனானது என்பதால் வாய்ப்பகுதியையும் அதிலேயே தைத்தால் சுருங்காது. பையின் உடலுக்கு 18 செ.மீ. அகலமும் 36 செ.மீ. நீளமும் உள்ள துண்டை வெட்டி, நல்ல முகம் உள்ளே இருக்கும்படி இரண்டாக மடித்து, பக்கங்களை 1 செ.மீ. உள்ளே தைத்துத் திருப்பிக்கொள்ளுங்கள். வாய்க்கு, அடுக்குகளிலிருந்து பிரித்த ஒற்றைச் சேலைத்துணியில் 18 செ.மீ. நீளமும் 12 செ.மீ. அகலமும் உள்ள இரு பட்டிகளை எடுத்து, குறுகிய முனைகளை 1 செ.மீ. மடித்துத் தைத்து, நீளவாக்கில் இரண்டாக மடித்து, பையின் வாயோரத்தில் எதிரெதிராகப் பொருத்துங்கள். மடிப்பிலிருந்து 2 செ.மீ. கீழே ஒரு தையலும், அதற்குக் கீழே 1½ செ.மீ. விட்டு மற்றொரு தையலும் ஓட்டினால் கயிறு செல்லும் வழி கிடைக்கும். கயிற்றுக்குச் சேலைக்கரையே சிறந்தது. நெருக்கமாக நெய்யப்பட்டிருப்பதால் எளிதில் அறாது. 60 செ.மீ. நீள மூன்று கரைக்கீற்றுகளைப் பின்னி ஒரு கயிறும், அதேபோல் இன்னொன்றும் செய்து, ஒன்றை வலப்புறம் நுழைத்துச் சுற்றி வந்து வலப்புறமே எடுத்தும், மற்றதை இடப்புறம் அவ்வாறே எடுத்தும் முடிச்சிட்டால், இருபுறமும் இழுத்தவுடன் வாய் மூடிக்கொள்ளும்.

சுற்றி மிஞ்சும் கையகலத் துண்டுகளில், பருத்தி மட்டுமே என்று உறுதியானவற்றை 18 செ.மீ. சதுரமாக இரண்டு சேர்த்து ஓரம் கட்டினால் அடுப்படிப் பிடித்துணியாகும். அதற்கும் போதாத துணுக்குகளை ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். அடுத்த பிரிமணையின் உள்திரிக்கு அவை தேவைப்படும்.