'ஷார்ப்' என்றால் கூர்மை மட்டும்தானா?

கத்தி ஷார்ப், ஊசி முனை ஷார்ப். இது நேரடிப் பொருள், யாருக்கும் குழப்பமில்லை. 'ஷார்ப் மைண்ட்' என்பதும் எளிது. கூர்மையான புத்தி என்று நாமும் அப்படியேதான் சொல்கிறோம்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். 'ஷார்ப் பெயின்' என்றால் சுருக்கென்று குத்துகிற வலி. 'ஷார்ப் டர்ன்' என்றால் சட்டென்று திரும்பும் வளைவு. 'ஷார்ப் டங்' என்றால் சுடுசொல் பேசுகிற வாய். 'டென் ஓ கிளாக் ஷார்ப்' என்றால் சரியாகப் பத்து மணிக்கு. இந்தப் பொருளில் மட்டும் சொல் நேரத்துக்குப் பின்னால்தான் வரும், கவனியுங்கள்.

எந்தப் பொருள் என்று பிடிபடாவிட்டால் நான் செய்வது, எதிர்ச்சொல்லைத் தேடுவது. கத்திக்கு எதிர்ச்சொல் 'பிளன்ட்', அதாவது மழுங்கியது. வலிக்கு 'டல்', மந்தமான வலி. வளைவுக்கு 'ஜென்டில்', மெல்லத் திரும்பும் வளைவு. எதிர்ச்சொல் மாறினால் பொருளும் மாறிவிட்டது என்று அர்த்தம். மருத்துவரிடம் வலியைச் சொல்லும்போது இந்த வித்தியாசம் உண்மையிலேயே உதவும்.

ஒரு இடத்தில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். ஒருவரை 'பிளன்ட்' என்றால் மந்தபுத்திக்காரர் என்று பொருளல்ல. மனதில் பட்டதைப் பட்டென்று போட்டு உடைப்பவர். மந்தபுத்தியைச் சொல்ல 'டல்' என்பார்கள்.

இன்னொன்று, 'ஷார்ப் பிராக்டிஸ்' பாராட்டு அல்ல. சட்டத்தில் நேரடியாகச் சிக்காமல் செய்யும் தில்லுமுல்லுக்கு அந்தப் பெயர். வேலைக்கான விண்ணப்பத்தில் உங்கள் திறமையைச் சொல்ல இதைப் போட்டுவிடாதீர்கள்.