ஏர் துப்பாக்கிக்கு எந்தப் பெல்லட் ஒத்துவரும்? கண்டுபிடிக்கும் முறை

மான் வேட்டை நம் ஊரில் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், சத்தியமங்கலம் பக்கமானாலும் ஆனைமலைப் பக்கமானாலும் அதில் பேச்சே இல்லை. நாம் சுடப்போவது காகித அட்டையை. 10 மீட்டர் ஏர் ரைஃபிள் (காற்றழுத்தத்தில் சுடும் துப்பாக்கி) அட்டையில் நடுப்புள்ளி வெறும் 0.5 மி.மீ., அதில் போடும் சின்ன ஈயக் குண்டான பெல்லட்டோ 4.5 மி.மீ. புதிதாக வாங்கியவர்கள் முதல் நாளே சைட்டின், அதாவது குறிபார்க்கும் அமைப்பின், திருகைத் திருப்ப ஆரம்பித்துவிடுகிறார்கள். வேண்டாங்க. முதலில் உங்கள் குழலுக்கு எந்தப் பெல்லட் பிடிக்கிறது என்று பாருங்கள், ஏனென்றால் ஒரே மாடல் துப்பாக்கி இரண்டு இருந்தாலும் இரண்டும் ஒரே பெல்லட்டைக் கேட்கும் என்று சொல்ல முடியாது.

முதலில் மூன்று நான்கு வகைகளை ஒவ்வொரு டப்பா வாங்குங்கள். தலை தட்டையானதாக இருக்கட்டும், அட்டையில் ஓட்டை சுத்தமாக விழும், அளப்பது சுலபம். டப்பாவில் 4.49, 4.50, 4.51 என்று தலை அளவு போட்டிருந்தால் வெவ்வேறு அளவு டப்பாக்களாகவும் வாங்கலாம்.

அடுத்தது பொறுக்குவது. பெல்லட் உடுக்கை மாதிரி இடுப்பு ஒடுங்கி இருக்கும், பின்வாயின் ஓரம் மெல்லிய ஈயம், டப்பாவுக்குள் உருண்டே நசுங்கிவிடும். மெத்தென்ற துணியில் கொட்டி, வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பின்வாயைப் பார்த்து, நசுங்கியதைத் தள்ளிவிடுங்கள். கோவை ராஜ வீதி நகைப் பட்டறைகளில் இருக்கும் மாதிரி மில்லிகிராம் தராசு கிடைத்தால் எடை போட்டும் பிரிக்கலாம், ஆனால் ஆரம்பத்தில் தராசைவிடக் கண்தான் அதிகம் உதவும் என்பது என் கருத்து. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், ஈயம் உடம்புக்கு ஆகாது.

இனி சோதனை. அட்டைக்குப் பின்னால் மணல் மூட்டை கட்டாயம், பொள்ளாச்சிப் பக்கம் தோப்பு வைத்திருப்பவர்கள் சுவரையோ மரத்தையோ நம்பி அட்டையை மாட்டாதீர்கள், கெட்டியான பரப்பில் பட்டால் பெல்லட் திரும்பி வரும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக் காற்று வீசும் நாளில் வெளியில் சோதிப்பது வீண், அரை கிராம் ஈயத்தைக் காற்று தள்ளிவிடும். அறைக்குள்ளேயோ ரேஞ்சிலேயோ செய்யுங்கள்.

காற்று நிரப்பும் வகைத் துப்பாக்கியை மணல் பையில் வைத்தே சுடலாம். ஸ்பிரிங் வகை அப்படி இல்லை, சுடும்போது குதிக்கும், அதனால் பையின் மேல் உள்ளங்கையை விரித்து, அதில் துப்பாக்கியை இறுக்காமல் படுக்கவையுங்கள். பெல்லட் இல்லாமல் வெறுமனே சுடாதீர்கள், பிஸ்டன் கெட்டுவிடும். வகை மாற்றும்போதெல்லாம் குழல் பழகுவதற்காகச் சில குண்டுகளை வேறு அட்டையில் சுட்டுவிட்டு, அப்புறம் ஒரே இடத்தைக் குறிவைத்து ஐந்து சுடுங்கள். எங்கே விழுகிறது என்பது இப்போது முக்கியமில்லை, எவ்வளவு நெருக்கமாக விழுகிறது என்பதுதான் கணக்கு.

அட்டையில் ஒன்றுக்கொன்று அதிகம் விலகி இருக்கும் இரண்டு ஓட்டைகளின் வெளி விளிம்புகளுக்கு இடையே அளந்து, 4.5 மி.மீ. கழித்துவிடுங்கள். ஒவ்வொரு வகைக்கும் இன்னொரு அட்டையிலும் சுட்டுப் பாருங்கள், ஒரு அட்டை மட்டும் நன்றாக வந்தால் அது தற்செயலாக இருக்கலாம். இரண்டிலும் நெருக்கமாக விழுந்த வகையை, விலை குறைவாக இருந்தாலும் சரி, எடுத்துக்கொள்ளுங்கள், டப்பாவில் போட்டிருக்கும் அதே பேட்ச் எண்ணில் (ஒரே தடவையில் தயாரானதைக் குறிக்கும் எண்) சில டப்பாக்களைச் சேர்த்து வாங்கிவிடுங்கள்.

இப்போது திருகைத் தொடலாம். குண்டு இடதுபுறம் விழுந்தால் பின் சைட்டை வலதுபுறம் நகர்த்துங்கள், கீழே விழுந்தால் உயர்த்துங்கள், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் திருப்பி மறுபடி ஐந்து சுட்டுப் பார்த்துவிட்டு அடுத்த திருப்பத்துக்குப் போங்கள்.