கேபிள் செருகினால் வைஃபையில் நெட் நிற்கிறதா?

விண்டோஸ் கணினியில் ஆபீஸ் லேன் கேபிளைச் செருகியதும் இன்டர்நெட் நின்றுபோனால், கமாண்ட் பிராம்ப்டில் 'ரூட் பிரிண்ட்' கட்டளை கொடுங்கள். 0.0.0.0 என்று தொடங்கும் வரி (இன்டர்நெட்டுக்குப் போகும் பொது வழி) இரண்டு இருக்கிறதா? மெட்ரிக் (முன்னுரிமை) எண் குறைந்த வழியில்தான் இன்டர்நெட் போக்குவரத்து எல்லாம் போகும். வேகமான கேபிளுக்கு விண்டோஸ் பெரும்பாலும் குறைந்த எண்ணையே தானாகத் தருகிறது. அந்த லேனில் வெளியே போக வழியில்லாவிட்டாலும் சரி.

லேனின் ஐபிவி4 (முகவரி முறை) பண்புகளில் 'அட்வான்ஸ்ட்' போய், ஆட்டோமேட்டிக் மெட்ரிக் டிக்கை எடுத்துவிட்டு 500 போடுங்கள். புதிய முகவரி முறையான ஐபிவி6-க்கு மெட்ரிக் எண் தனி, அதையும் மாற்றுங்கள். பலர் மறப்பது இதைத்தான்.

இனி பொது வழி வைஃபை என்பதால், ஆபீஸின் வேறு சப்நெட்டில் (நெட்வொர்க்கின் தனிப் பகுதியில்) உள்ள சர்வர் எட்டாது. கமாண்ட் பிராம்ப்டை அட்மினாகத் திறந்து, அந்த சப்நெட்டை லேன் கேட்வே (லேனிலிருந்து வெளியே அனுப்பும் ரூட்டர்) வழியாக 'ரூட் ஆட்' செய்யுங்கள். கட்டளையில் 'மைனஸ் பி' சேர்க்காவிட்டால் அந்த வழி ரீஸ்டார்ட்டில் அழிந்துவிடும்.