கொடை ராத்திரியைப் படமெடுக்க: வீட்டிலேயே பிலிம் புஷ் செய்யும் முறை

எங்கள் பக்கத்துச் சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவில், நள்ளிரவுச் சாமக்கொடை நேரத்தில் பந்த வெளிச்சத்தை விட்டால் ஒன்றிரண்டு டியூப்லைட்தான். அருள் வந்து ஆடிவரும் கோமரத்தாடியின் (சாமியாடியின்) முகத்தில் பிளாஷ் அடிக்க எனக்கு மனம் வருவதில்லை. அதற்குத்தான் புஷ். 400 ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறன் அளவு) பிலிமை 1600 என்று கேமராவில் வைத்து எடுத்துவிட்டு, டெவலப்பரில், அதாவது பிலிமில் படத்தை வெளிக்கொண்டுவரும் கரைசலில், கூடுதல் நேரம் வைப்பது.

முழு ரோலையும் 1600-லேயே எடுங்கள், நடுவில் மாற்ற வேண்டாம். கழற்றியதும் ரோல் மேலேயே 1600 என்று எழுதிவிடுங்கள்.

நான் போடுவது இல்போர்ட் ஹெச்பி5 பிளஸ் என்ற கறுப்பு-வெள்ளை பிலிம், டெவலப்பர் ஐடி-11. மேற்கொண்டு தண்ணீர் கலக்காத கரைசலில், 20 டிகிரியில், 400-க்கு ஏழரை நிமிடம். 1600-க்கு 14 நிமிடம்.

அந்த 20 டிகிரிதான் நமக்குப் பெரிய வேலை. கோடையில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் ராத்திரியிலும் வெதுவெதுப்பாகத்தான் வரும். ஒரு வாளியில் தண்ணீர் பிடித்து, ஐஸ் கட்டிகளைப் பாலிதீன் பையில் முடிந்து போடுங்கள். டெவலப்பர், பிக்ஸர் (படத்தை நிலைநிறுத்தும் கரைசல்) பாட்டில்களையும் அலசும் தண்ணீரையும் அதில் நிறுத்துங்கள். ஐஸை டெவலப்பருக்குள் போடக் கூடாது, நீர்த்துவிடும். தெர்மாமீட்டர் 20 காட்டும்வரை பொறுங்கள். இறங்கவே இல்லையா? சரி, 24-இல் வைத்து நேரத்தைச் சுமார் 10 நிமிடமாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஒருமுறை 20-இல் தொடங்கிவிட்டு டாங்கை (பிலிமும் டெவலப்பரும் இருக்கும், வெளிச்சம் புகாத டப்பாவை) தரையில் வைத்திருந்தேன். 14 நிமிடத்துக்குள் உள்ளே சூடேறி, பந்தத்தைச் சுற்றி இருந்ததெல்லாம் நெகட்டிவில் கருங்கட்டியாகிவிட்டது. அதனால் அசைக்கும் நேரம் போக மற்ற நேரமெல்லாம் டாங்கும் வாளிக்குள்ளேயே இருக்கட்டும்.

டாங்குக்குள் வைக்கும் ரீலில் பிலிமைச் சுற்றி டாங்கை மூடும்வரை முழு இருட்டில்தான். முதலில் ஒரு வீணான ரோலில் பழகுங்கள். டெவலப்பரை ஊற்றியதும் 10 விநாடிக்குள் நான்கு முறை டாங்கைக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். கீழே ஒரு தட்டுத் தட்டினால் பிலிமில் ஒட்டிய காற்றுக் குமிழ் விலகிவிடும். அப்புறம் ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் அதே நான்கு முறை. அதிகம் குலுக்கினால் கான்ட்ராஸ்ட் (கறுப்பு-வெள்ளை வேறுபாடு) ஏறும், புஷ்ஷில் அது ஏற்கெனவே கூடுதல்.

நேரம் முடிந்ததும் டெவலப்பரை வடித்து, தண்ணீரில் அலசி, பிக்ஸரில் ஐந்து நிமிடம். மறுபடி நன்றாக அலசி, தூசியில்லாத குளியலறையில் தொங்கவிடுங்கள்.

காய்ந்ததும் ஜன்னல் பக்கம் பிடித்துப் பாருங்கள். பந்தச் சுடர் கறுப்பாக, முகம் சாம்பலாக இருக்கும். வெளிச்சமே படாத இடம் கண்ணாடிபோல வெறுமையாக இருக்கும். எத்தனை நிமிடம் கூட்டினாலும் அங்கே எதுவும் வராது. ஆகவே கோமரத்தாடி பந்தத்தின் பக்கம் முகம் திருப்பும்போது அழுத்துங்கள்.