வாண்டுகளோடு முதல் ஓபரா: ‘லெலிசிர் தமோரே’ பார்ப்பது எப்படி?

குழந்தைகளுக்கு ஓபரா காட்ட வேண்டும் என்றால் எல்லோரும் மொத்சார்ட்டின் ‘மாயப் புல்லாங்குழல்’ என்பார்கள். பாம்பு இருக்கிறது, பறவை பிடிப்பவன் இருக்கிறான், சரிதான். ஆனால் பூசாரிகள் வரிசையாக வந்து நின்று உபதேசம் ஆரம்பித்ததும் வாண்டுகளுக்குத் தாகம் எடுக்கும், பாத்ரூம் வரும், வீட்டுப்பாடம்கூட ஞாபகம் வரும். என் ஓட்டு இத்தாலிய இசையமைப்பாளர் டோனிசெட்டியின் ‘லெலிசிர் தமோரே’வுக்கு. காதல் மருந்து என்று அர்த்தம். 1832 மே மாதம் மிலானில் முதலில் மேடையேறியது. குழந்தைகளுக்கென்று எழுதியதில்லை. ஆனால் ஒரு வெகுளிப் பையன், ஒரு கெட்டிக்காரப் பெண், மீசையை முறுக்கும் ஒரு சார்ஜென்ட், ஒரு போலி வைத்தியர் என்று எல்லாமே குழந்தைகளுக்குச் சட்டென்று பிடிபடும் ஆட்கள். கதையில் சாவது ஒரே ஒரு மாமா, அவரும் மேடைக்கே வருவதில்லை.

ஓபரா என்றால் என்ன, ஏன் பேசாமல் பாடிக்கொண்டே இருக்கிறார்கள் என்பதையெல்லாம் இங்கே விளக்கப் போவதில்லை. நேராக வேலைக்கு வருவோம்.

படி 1: வீடியோவும் சத்தமும்

ஓபராவிஷன் என்ற தளமும் அதன் யூடியூப் சேனலும் ஐரோப்பிய அரங்குகளின் நிகழ்ச்சிகளை முழுதாக, இலவசமாக, சப்டைட்டிலோடு தருகின்றன. சில மாதங்களில் எடுத்துவிடுவார்கள் என்பதால் இன்று என்ன இருக்கிறது என்று நீங்களே தேடிக்கொள்ளுங்கள். காசு கொடுத்து வாங்கலாம் என்றால் வியன்னா அரசு ஓபராவில் 2005இல் அன்னா நெட்ரெப்கோவும் ரொலாண்டோ வில்யாசோனும் பாடிய பதிவு. கிராமம் கிராமமாகவே இருக்கும், வைக்கோல் வைக்கோலாகவே இருக்கும். கதையைக் கடற்கரைக்கு மாற்றிய தயாரிப்பும் உண்டு. பெரியவர்களுக்கு அது ரகளையாக இருக்கும், ஆனால் முதல் தடவைக்கு வேண்டாம்.

போனில் காட்டாதீர்கள். டிவியோடு ஸ்பீக்கர் சேர்ப்பதாக இருந்தால் வயர் போட்டுச் சேருங்கள். ப்ளூடூத்தில் பல நேரம் சத்தம் ஒரு நொடிக்கும் குறைவாகப் பிந்தி வரும். பெரியவர்கள் கண்டுகொள்ள மாட்டோம். “வாய் மூடினப்புறமும் பாடுறாங்க” என்று குழந்தைகள் உடனே கண்டுபிடித்து, கடைசி வரை அதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

படி 2: தாளும் பேனாவும்

மற்ற படிகளைச் சுருக்கிக்கொண்டாலும் பரவாயில்லை, இதை விடாதீர்கள். ‘சஸ்பென்ஸ் போய்விடுமே’ என்று கதையைச் சொல்லாமல் உட்கார வைத்தால் நடுவில் எல்லாம் சிக்கிக்கொள்ளும். இந்த ஓபராவின் சிரிப்பு முழுக்க யாருக்கு எது தெரியும், யாருக்குத் தெரியாது என்பதில்தான் இருக்கிறது. அது இத்தாலியப் பாட்டிலிருந்து குழந்தைக்குத் தானாகக் கிடைக்காது.

கதை இவ்வளவுதான். நெமோரினோ ஏழை விவசாயி. பண்ணைக்காரி அடினாவைக் காதலிக்கிறான். அவள் கண்டுகொள்வதில்லை. ஊருக்கு வந்த போலி வைத்தியர் டுல்கமாராவிடம் காதல் மருந்து கேட்கிறான். அவர் கொடுப்பது போர்தோ ஒயின். ஒரு நாள் கழித்துத்தான் வேலை செய்யும் என்கிறார், அதற்குள் ஊரைவிட்டு ஓடிவிடலாம் என்ற கணக்கில். நாளைக்கு எப்படியும் அடினா நம்மைத் தேடி வருவாள் என்ற தைரியத்தில் இவன் அவளைக் கண்டுகொள்ளாமல் லா லா லா என்று பாடித் திரிகிறான். அவளுக்குக் கோபம். சார்ஜென்ட் பெல்கோரேவை இன்றைக்கே கட்டிக்கொள்கிறேன் என்று சொல்லிவிடுகிறாள். மருந்து சீக்கிரம் வேலை செய்ய இரண்டாவது பாட்டில் வேண்டும்; அதை வாங்கக் கையில் காசில்லாமல் நெமோரினோ இருபது ஸ்கூடோவுக்கு (அந்தக் கால இத்தாலிய நாணயம்) பட்டாளத்தில் சேருகிறான்.

இப்போது தாளில் ஐந்து பெயர்களை எழுதுங்கள்: நெமோரினோ, அடினா, பெல்கோரே, டுல்கமாரா, ஜனெட்டா. முதல் ரகசியம்: மருந்து வெறும் ஒயின். இது யாருக்குத் தெரியும்? டுல்கமாராவுக்கு மட்டும். டிக் போடுங்கள். இரண்டாவது ரகசியம்: பணக்கார மாமா இறந்து சொத்து முழுக்க நெமோரினோவுக்கு வந்துவிட்டது. இது ஊர்ப் பெண்ணான ஜனெட்டாவுக்கும் அவள் தோழிகளுக்கும் தெரியும். நெமோரினோவுக்குத் தெரியாது.

“அவனுக்கே தெரியாதா?” என்று எங்கள் வீட்டுச் சின்னது கேட்டது. அந்தக் கேள்வி வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. இரண்டாம் அங்கத்தில் பெண்களெல்லாம் திடீரென்று அவனைச் சூழ்ந்துகொள்ளும்போது, மருந்து வேலை செய்கிறது என்று அவன் நம்புகிறான். டுல்கமாராவுக்கும் மாமா விஷயம் தெரியாது. தன் போலி மருந்து நிஜமாகவே பலித்துவிட்டதோ என்று அவரே மலைத்து நிற்பார். தாளில் டிக் போட்ட குழந்தை அந்த இடத்தில் உங்களுக்கு முன்னால் சிரிக்கும்.

படி 3: நடுவிலிருந்து தொடங்குங்கள்

முதல் நாள் முதல் அங்கத்தின் ஆரம்பம் வேண்டாம். டுல்கமாரா ஊருக்குள் நுழையும் இடத்தைத் தேடிப் போடுங்கள். ‘உதீத்தே, உதீத்தே’ என்று ஆரம்பிப்பார், கேளுங்கள் கேளுங்கள் என்று ஊரைக் கூட்டுகிறார். தேர்த்திருவிழாவில் லேகியம் விற்பவர் பேசுவது மாதிரியே மூச்சு விடாமல் போகும். இந்த மருந்தில் பல்வலி போகும், எலியும் மூட்டைப்பூச்சியும் சாகும், எழுபது வயது நோயாளி பத்துப் பேரப்பிள்ளைகளுக்குத் தாத்தா ஆனார் என்பார். ஐரோப்பா முழுக்க ஒன்பது லிரா, ஆனால் நான் இந்த மண்ணில் பிறந்தவன், ஆகவே உங்களுக்கு மூன்றே லிரா என்று விலையை இறக்குவார். இந்த வரிகளை மட்டும் நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொல்லுங்கள்.

அடுத்தே நெமோரினோவுக்கு மருந்து குடிக்கும் முறையைச் சொல்லிக்கொடுக்கிறார்: மெதுவாகக் குலுக்கு, மூடியைத் திற, ஆவி போய்விடாமல் பார்த்துக்கொள், வாயில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடி. அதுவும் ஒரு செய்முறை விளக்கம்தான். தண்ணீர் பாட்டிலை வைத்து வாண்டுகள் இதைத் திரும்பத் திரும்ப நடித்துக் காட்டுவார்கள், தடுக்காதீர்கள். முதல் நாளுக்கு இதுவே போதும்.

படி 4: துண்டு போடுவது

முழு ஓபரா இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். அடுத்த நாள் ஆரம்பத்திலிருந்து டுல்கமாரா வரை. அப்புறம் முதல் அங்கத்தின் மிச்சம், அப்புறம் இரண்டாம் அங்கம். ‘ஒரே மூச்சில் பார்ப்பதுதான் மரியாதை’ என்பவர்கள் ஏழு வயதுக் குழந்தையைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பார்த்துவிட்டு வந்து பேசட்டும்.

படி 5: சப்டைட்டில்

ஆங்கில சப்டைட்டிலை நீங்கள் படியுங்கள். குழந்தைக்கு ஒரு காட்சிக்கு ஒரு வரி போதும்: “நாளை வரைக்கும் பொறுத்துக்கோன்னு கெஞ்சுறான்.” யூடியூபின் தானியங்கித் தமிழ் மொழிபெயர்ப்புப் பக்கம் போகாதீர்கள்.

பின்சேர்க்கை 1: குடியைக் காமெடியாகக் காட்டலாமா என்று கேட்டிருந்தார் ஒரு தாய். நியாயமான கேள்விதான். ஒயின் குடித்ததால் நெமோரினோவுக்குக் காதல் கிடைப்பதில்லை. தனக்காகப் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான் என்று தெரிந்துதான் அடினா மனம் மாறி, அந்த ஒப்பந்தத்தைக் காசு கொடுத்து மீட்டு வருகிறாள். எங்கள் வீட்டில் நான் ‘ஒயின்’ என்றே சொன்னேன். ‘ஜூஸ்’ என்று மாற்றினால் அவன் ஏன் தள்ளாடுகிறான் என்பதற்கு வேறொரு கதை கட்ட வேண்டியிருக்கும்.

பின்சேர்க்கை 2: ‘ஊனா ஃபுர்தீவா லாக்ரிமா’ வந்ததும் குழந்தை எழுந்து ஓடிவிட்டது என்று சிலர் எழுதியிருக்கிறீர்கள். ஓபராவிலேயே பிரபலமான பாட்டு அது, ஆனால் மெதுவானது. பாட்டுக்கு முன்னால் பாசூன் தனியாக வாசிக்கும். அந்த நீளமான மரக்குழலின் படத்தை முன்பே காட்டி, “இந்தச் சத்தம் வந்தா கைதூக்கு” என்று சொல்லி வையுங்கள். அதற்கும் மேல் ஓடினால் விடுங்கள், பாட்டை நீங்கள் கேளுங்கள்.

பின்சேர்க்கை 3: அடுத்து என்ன? ரோசினியின் ‘செவில் நகரத்து நாவிதர்’. 1816இல் ரோமில் மேடையேறியது. அதில் ஒரே பிரபு ஏழை மாணவனாக, குடிகாரச் சிப்பாயாக, பாட்டு வாத்தியாராக மாறி மாறி வருவார். தாள் இரண்டு எடுத்து வையுங்கள்.