குளத்தில் வள்ளம், ஆனையிறவுக்கு ரயில்: கிளிநொச்சியில் ஒரு நாள்

கிளிநொச்சிக்கு வருகிறவர்கள் ஏ9 வீதியில் இறங்கி நாலு படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். எனக்கு அது பெரிய மனவருத்தம். இந்த ஊரை உண்டாக்கியது கனகராயன் ஆறு. ஆறு போகிற வழியே போனால்தான் ஊர் விளங்கும்.

தெற்கிலிருந்து வந்தால் ஊர் ஊராய் நிற்கிற மெதுவான ரயிலில் ஏறுங்கள். நகரங்களுக்கிடை வண்டிகள் சின்ன நிலையங்களில் நிற்காது. முறிகண்டியில் இறங்கிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்து, சுடச்சுடக் கச்சான் ஒரு சரை வாங்கிக்கொண்டு, பஸ்ஸில் இரணைமடுச் சந்திக்குப் போங்கள். அங்கிருந்து இரணைமடுக் குளத்துக்கு ஓட்டோ.

குளக்கட்டில் அவசரப்படாதீர்கள். ஆற்றை மறித்து 1902இல் தொடங்கிய வேலை 1920இல்தான் முடிந்தது. இந்தத் தண்ணீரை நம்பித்தான் 1936இல் யாழ்ப்பாணத்திலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து குடியேற்றினார்கள். இன்றைக்கும் மாரி வந்தால் எங்கள் ஊரில் முதல் கேள்வி "குளம் எத்தனை அடி?" என்பதுதான். 36 அடி நிரம்பினால் வயல்காரர் முகமே மாறிவிடும்.

சுற்றுலாப் படகை எதிர்பார்க்க வேண்டாம். விடிய வலை எடுத்துவிட்டுக் கரைக்கு வருகிற மீனவரிடம், "அண்ணை, ஒருக்கா ஏத்திக்கொண்டு போவீங்களோ?" என்று கேட்டுப் பாருங்கள். கூலியை முதலே பேசிவிடுங்கள். மிதவை அங்கியைக் கையோடு கொண்டுபோங்கள், வள்ளத்தில் இருக்காது. வான்கதவு திறந்திருந்தாலோ காற்று எழும்பினாலோ ஏறவே கூடாது. தை, மாசிக் காலை நல்லது. நடுக்குளத்தில் நின்று திரும்பினால் கட்டு ஒரு மெல்லிய கோடு. பட்டுப்போன மரங்களில் நீர்க்காகங்கள் சிறகை விரித்து வெயில் காயும். வள்ளத்தின் அடியில் ஜப்பான் மீன் (திலாப்பியாவை இங்கே அப்படித்தான் சொல்வோம்) இன்னும் துடித்துக்கொண்டு கிடக்கும்.

கரையேறியதும் கனகாம்பிகை அம்மனைக் கும்பிட்டுவிட்டு, கிளிநொச்சி நிலையத்துக்கு வாருங்கள். 1990இல் போரால் நின்ற ரயில் இங்கே திரும்பி வந்தது 2013 செப்டெம்பரில். இடையில் பிறந்த பிள்ளைகள் ரயிலையே காணாமல் வளர்ந்தார்கள். அதனால் இந்த மேடையில் நான் எப்போதும் கொஞ்ச நேரம் சும்மா நிற்பேன்.

வடக்கே போகிற வண்டியில் வலப்பக்க யன்னலைப் பிடியுங்கள். பரந்தன் தாண்டியதும் வெளி விரியும். நீங்கள் காலையில் வள்ளம் விட்ட குளத்தின் ஆறு கடைசியில் சேர்வது இந்தப் பக்கத்துக் கடல்நீரேரியில்தான். பருவத்தில் பூநாரைகளும் நிற்கும். ஆனையிறவில் இறங்குவதானால், திரும்பி வருகிற வண்டியின் நேரத்தைக் கிளிநொச்சியிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அந்த வெட்டையில் நிழல் குறைவு, தண்ணீர்ப் போத்தலும் தொப்பியும் கட்டாயம்.